இரண்டு நொடியில் ஒரு கோபுரம் கடந்துபோகும், தெரியுமா?

மதுரை மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரம் சுமார் 170 அடி. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகும் கார் அவ்வளவு தூரத்தை எத்தனை நொடியில் கடக்கும், தெரியுமா? இரண்டே நொடி! டச் ஸ்கிரீனில் அடுத்த பாட்டைத் தேடக் கண்ணைத் திருப்பும் நேரம்தான் அது. கப்பலூர் தாண்டி, திருமங்கலம் நான்குவழிச் சாலையில் அந்த இரண்டு நொடிக்குள் குறுக்கே ஒரு மொபெட் வரலாம், ஆட்டுமந்தை வரலாம்.

பட்டன் வைத்த பழைய கார் இந்த விஷயத்தில் புதிய காரைத் தோற்கடித்த கதை தெரியுமா? ஸ்வீடனின் 'வி பிலாகாரே' பத்திரிகை 2022-ல் ஒரு சோதனை வைத்தது. 110 கி.மீ. வேகத்தில் ஓட்டியபடியே வெப்பநிலையைக் கூட்டுவது, ரேடியோவை மாற்றுவது என்று நாலு சின்ன வேலைகள். 2005-ஆம் ஆண்டு வோல்வோவில் 10 நொடியில் எல்லாம் முடிந்தன. திரையை நம்பிய எம்ஜி மார்வெல் ஆர் காரில்? கிட்டத்தட்ட 45 நொடி! அதற்குள் கார் 1,372 மீட்டர் ஓடிவிட்டது!

"நான் தொடவே இல்லையே, வாயால்தானே சொன்னேன்" என்பவரா நீங்கள்? அமெரிக்காவின் ஏஏஏ அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் கண்டது இது: சில கார்களில் குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் 27 நொடி வரை ஓட்டுநரின் கவனம் முழுதாகச் சாலைக்குத் திரும்பவில்லை. நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் 60 கி.மீ. வேகத்தில் போனாலும் அந்த 27 நொடியில் 450 மீட்டர் போய்விடும். கை ஸ்டீயரிங்கில், கண் சாலையில், மனசு மட்டும் வேறெங்கோ!

இளைஞர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம், தெரியுமா? 2014-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், போனில் எண்ணை அழுத்தும்போது அனுபவசாலிகளுக்கு விபத்தோ, மயிரிழையில் தப்பும் நிலையோ நேரும் அபாயம் சுமார் இரண்டரை மடங்கு ஆனது. புதிதாக லைசென்ஸ் எடுத்த பதின்வயதினருக்கோ எட்டு மடங்கு! பல வருடம் ஓட்டியவருக்கு, ஓரமாக நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஆள் வருவார் என்பது தானாகவே தோன்றும். பதினெட்டு வயதில் அந்தப் பழக்கம் வந்திருக்காது. அது அவர்கள் குற்றமல்ல. அந்தப் பழக்கம் வருவதற்கு முன்பே பத்து அங்குலத் திரையை அவர்கள் முன்னால் வைப்பதுதான் கொடுமை.

மதுரையே இதைக் கண்ணால் பார்த்தது. செல்போனில் பேசியபடி கார் ஓட்டி வீடியோவும் வெளியிட்டதாக, 2024 மே மாதம் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் மீது அண்ணாநகர் போலீஸார் வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள். பிறகு ஜாமீன் கிடைத்தது. 2023-ல் காஞ்சிபுரம் அருகே நடந்த பைக் விபத்துக்குப் பிறகு அவருடைய லைசென்ஸ் பத்து வருடத்துக்கு ரத்தாகியிருந்தது. இவரை லட்சக்கணக்கான பிள்ளைகள் பின்தொடர்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

சட்டம் எதை அனுமதிக்கிறது, தெரியுமா? 2020 அக்டோபர் முதல், ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழிகாட்டும் மேப்புக்கு மட்டுமே பயன்படுத்தலாம். அதுவும் கவனம் சிதறாதபடி!

தம்பி, தங்கச்சிகளே! மேப்பையும் பாட்டையும் வண்டியைக் கிளப்பும் முன்பே போட்டுவிடுங்கள். அவசர அழைப்பா? ஓரமாக நிறுத்திப் பேசுங்கள். அப்பா, அம்மாக்களே, பிள்ளை கார் ஓட்டும் நேரம் தெரிந்தால் தயவுசெய்து நீங்கள் போன் போடாதீர்கள்.