ஹோம் தியேட்டர்: வால்யூமைக் கூட்டாமல் வசனம் கேட்க

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அப்பா ஆசைப்பட்டார் என்று ஒரு 5.1 ஹோம் தியேட்டர் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அது துணி போர்த்திக் கிடந்தது. “பாட்டும் சண்டையும் வீடே அதிருது. பேசுறதுதான் ஒண்ணும் புரியலப்பா” என்றார் அப்பா. வசனத்துக்காக வால்யூமைக் கூட்டினால் பக்கத்து வீட்டு மாமாவுக்குத் தொல்லை. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர் அவர். எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரே சுவர்.

கருவியில் கோளாறு எதுவும் இல்லை. பொருத்திய விதம்தான் தவறு. மாமாவுக்கு லீவு நாளாகப் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். உங்கள் வீட்டிலும் இதே வரிசையில் செய்து பாருங்கள்.

இணைப்பு

5.1 என்பதில் 5 முழு சேனல்கள். அந்த .1 என்பது சுமார் 120 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகளுக்கு மட்டும். படங்களில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். எங்கள் வீட்டில் சிவப்பு, வெள்ளை கேபிளில் இணைத்திருந்தார்கள். அதில் 2 சேனல் மட்டுமே வரும். டிவியின் ‘ஏஆர்சி’ என்று எழுதிய எச்டிஎம்ஐ போர்ட்டை ரிசீவருடன் இணைத்து, டிவியின் ஆடியோ மெனுவில் ‘பிசிஎம்’ என்பதை ‘பிட்ஸ்ட்ரீம்’ என மாற்றினேன்.

இடம்

ஐந்து ஸ்பீக்கர்களும் டிவி பக்கமே வரிசையாக நின்றன. நடு ஸ்பீக்கர் அலமாரியின் கீழ்த்தட்டில், முழங்காலைப் பார்த்தபடி இருந்தது. வயது ஏற ஏற உயர் அதிர்வெண் ஒலிகள் காதுக்குக் குறைவாகவே கேட்கும். ச, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய அவைதான் தேவை. எனவே நடு ஸ்பீக்கரை டிவிக்கு நேர் கீழே, தட்டின் விளிம்புக்கு இழுத்து, காதை நோக்கிச் சற்றே நிமிர்த்தி வைத்தேன்.

இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு நடுவே 8 அடி இருந்தால், ஒவ்வொன்றிலிருந்தும் நாற்காலிக்கும் 8 அடி இருக்கட்டும். சரவுண்ட் இரண்டும் நாற்காலியின் பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளி, காதுக்கு மேல் ஓரிரு அடி உயரத்தில் இருக்க வேண்டும்.

தூரமும் அளவும்

ஒலி ஓர் அடியைக் கடக்க ஏறக்குறைய 1 மில்லி செகண்ட் ஆகும். 4 அடியில் உள்ள சரவுண்டின் ஒலி, 8 அடியில் உள்ளதைவிட முன்னதாகவே வந்துவிடும். ரிசீவர் மெனுவில் ஒவ்வொரு தூரத்தையும் டேப்பால் அளந்து கொடுத்தால், அது தேவையான தாமதத்தைத் தானே சேர்த்துக் கொள்ளும்.

அடுத்து ‘டெஸ்ட் டோன்’. நாற்காலியில் காது உயரத்தில் மொபைலைப் பிடித்து, ஒலி அளக்கும் ஆப்பில் ஐந்து ஸ்பீக்கர்களும் 75 டெசிபல் காட்டும்படி சமன் செய்தேன். மொபைல் துல்லியமாக அளக்காவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். பிறகு அப்பாவுக்காக நடு ஸ்பீக்கருக்கு மட்டும் 2 டெசிபல் கூட்டினேன்.

சப்-ஊஃபர்

மூலையில், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தது. மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும். 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் அருகே ஒலி தேங்கி முழங்கும். சப்-ஊஃபரை நாற்காலியில் வைத்து பேஸ் உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து பாருங்கள். பேஸ் சீராகக் கேட்கும் இடம்தான் அதற்கு ஏற்ற இடம். எங்கள் வீட்டில் அது எதிர்ச் சுவரில் அமைந்தது. அடியில் ரப்பர் மேட் போட்டு, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன்.

கடைசியாக ‘நைட் மோட்’. இது பெரிய சத்தத்தை அடக்கி, சிறிய சத்தத்தை உயர்த்தும். பக்கத்து வீட்டில் ஆள் தூங்கும்போது மட்டும் போடுங்கள்.

முன்பு வால்யூம் 40 வைத்தும் புரியாத வசனம், இப்போது 26-லேயே அப்பாவுக்குப் புரிகிறது. போர்த்திய துணியை அம்மா மடித்து உள்ளே வைத்துவிட்டார். பெரிய ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குப் போகும் முன், வீட்டில் இருப்பதை ஒருமுறை டேப் வைத்து அளந்து பாருங்கள்.