எழுவாயும் செயப்படுபொருளும்: சிறுகல்லூரியில் வரலாறு படிப்பது பற்றி

காலை எட்டு மணிக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றால், தேனி, உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கமிருந்து வரும் பஸ்களில் மாணவர்கள் இறங்கி, டவுன் பஸ் பிடித்து ஆளுக்கொரு கல்லூரிக்குப் பிரிவதைப் பார்க்கலாம். அவர்களில் பி.ஏ. வரலாறு படிக்கும் ஒருவரிடம் ஏன் இந்தப் பாடம் என்று கேட்டேன். "வேற எதுவும் கெடைக்கல சார். குரூப் எக்ஸாமுக்கு ஒதவும்னாங்க, சேந்துட்டேன்" என்றார். பி.காம்., கம்ப்யூட்டர் சயன்ஸ் எல்லாம் நிரம்பிய பிறகு மிஞ்சுகிற பாடமாகத்தான் சிறுகல்லூரிகளில் வரலாறு இருக்கிறது. தமிழும் அப்படித்தான். எம்.ஏ. தமிழ் படித்த எனக்கும் இதே கதைதான். ஆனால் இந்த மிஞ்சிய பாடத்திற்கு வந்து சேர்கிறவர்கள் யார், அந்தப் பாடம் யாரைப் பற்றி என்னவாகப் பேசுகிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் விஷயம் வேறுமாதிரி ஆகிவிடுகிறது.

மூன்று வருஷம், ஆறு செமஸ்டர். இந்திய வரலாறு, தமிழக வரலாறு, ஐரோப்பிய வரலாறு, இவற்றோடு வரலாற்றியல் என்று ஒரு தாள். இந்தக் கடைசித் தாள்தான் முக்கியமானது. எது சான்று, அதை உண்டாக்கியவர் யார், யாருக்காக உண்டாக்கினார், அதில் பேசாமல் விடப்பட்டது எது என்று கேட்கப் பழக்குவது அதன் வேலை. நடைமுறையில் என்ன ஆகிறது? ஹெரோடோட்டஸ், ராங்கே, டாயின்பி என்று குறிப்பு வரைகிற மனப்பாடத் தாளாக அது சுருங்கிவிடுகிறது. பிறகு போட்டித் தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கினால் போதும். கேள்வி கேட்பதற்கான பாடம் விடை சொல்வதற்கான பயிற்சியாக மாறுகிற இடம் இது.

தமிழ் படித்தவனுக்கு நோட்ஸில் முதலில் கண்ணில் படுவது அதன் இலக்கணம். ஒரு உதாரணம். 1939 ஜூலை 8ஆம் தேதி மீனாட்சியம்மன் கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசம். வைத்தியநாதய்யர் அரிசனங்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார் என்பதாகத்தான் வாக்கியம் அமைகிறது. எழுவாய் ஐயர். உள்ளே போனவர்கள் 'ஐ' உருபு ஏற்ற செயப்படுபொருள். அன்று உள்ளே போனவர்கள் கக்கன் உள்ளிட்ட ஐந்து தலித்துகளும் ஒரு நாடாரும். பின்னாளில் அமைச்சரானதால் கக்கன் பெயராவது நினைவில் நிற்கிறது. மற்றவர்கள் பெயரை எத்தனை பேர் சொல்வோம்? வைத்தியநாதய்யர் காட்டிய துணிச்சலைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. அவரும் சனாதனிகளின் எதிர்ப்பைச் சந்தித்தவர்தான். அந்த வாசலைத் தாண்டியவர்கள் எதைப் பணயம் வைத்துத் தாண்டினார்கள் என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை என்பதே என் பிரச்சினை.

இன்னொரு உதாரணம், இந்த மாணவர்கள் வரும் பாதையிலேயே இருக்கிறது. 1871இல் வடக்கே கொண்டுவரப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பிரமலைக் கள்ளர்கள் கைரேகை வைத்துப் பதிய வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஊர்வழக்கில் இதை 'ரேகைச் சட்டம்' என்பார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் பதிய மறுத்துத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் நீங்கியது. இச்சட்டத்தின் ஊடாகவே வந்த 'கள்ளர் சீரமைப்பு' என்ற பெயரைத் தாங்கிய பள்ளியில் படித்துவிட்டுத்தான் இன்று சிலர் வரலாறு படிக்க வருகிறார்கள். அவர்களுடைய பாட்டன் ஆவணத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. பேரன் அதே ஆவணத்தை வாசிக்கக்கூடிய இடத்திற்கு வந்திருக்கிறான். பதியப்பட்டவர்கள் தங்களைப் பதிந்த ஏட்டைத் திருப்பி வாசிப்பதற்கு நம் சமூகத்தில் கிடைக்கிற மிகச் சில இடங்களில் ஒன்றுதான் இந்தச் சிறுகல்லூரி வகுப்பு.

இப்படி வாசிப்பது புதிதல்ல. 1982இல் ரணஜித் குஹா தொடங்கிவைத்த விளிம்புநிலை ஆய்வுகள் இதைத்தான் செய்தன. கலகக்காரர்களைப் பற்றி அதிகாரிகள் எழுதிய குறிப்பையே தலைகீழாக வாசித்து, அதில் கலகக்காரர்களின் நோக்கத்தை மீட்க முயன்றன. ஊர்ப் பக்கத்திலேயே வேறுவகையான முன்மாதிரி உண்டு. மதுரைப் பல்கலைக்கழகத்தில் இருந்த கே. ராஜய்யன், 1800–1801 தென்னிந்தியக் கிளர்ச்சியே முதல் விடுதலைப் போர் என்று 1971இல் புத்தகம் எழுதினார். அந்த முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். 1857இல் தொடங்கும் கதையை இங்கிருந்துகொண்டே கேள்வி கேட்க முடிந்தது என்பது முக்கியம்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். வகுப்பறை கைவிட்ட வரலாற்றைத் தெரு எடுத்துக்கொள்கிறது. சுவரொட்டியிலும் சாதிச் சங்க மலரிலும் எல்லாருமே 'ஆண்ட பரம்பரை'. நோட்ஸில் செயப்படுபொருளாக இருந்தவர்கள் அங்கே ஒரே தாவலில் அரசர்களாகிவிடுகிறார்கள். இது எழுவாயாவது அல்ல, பழைய எழுவாயின் வேஷத்தை வாங்கி மாட்டிக்கொள்வது. அப்படி மாட்டிக்கொண்ட பின் ஆள்வதற்கு ஒரு ஆள் தேவைப்படும். 1997 ஜூன் 30ஆம் தேதி மேலூர்ப் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த தலித்துகளும் வெட்டிக் கொல்லப்பட்டதையும் இந்த மண்ணின் வரலாற்று மாணவர் படித்தாக வேண்டும். பெருங்காமநல்லூரைப் படித்துவிட்டு மேலவளவைப் படிக்காமல் விடுவது வரலாறு அல்ல, வக்காலத்து. கீழடிக்கும் இது பொருந்தும். அங்கே கிடைத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் என்று ஆட்களின் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. அவர்கள் யார், என்ன வேலை செய்தார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, நாம் எவ்வளவு பழசு என்பதிலேயே நின்றுவிடுகிறோம்.

செய்யக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். இதற்குப் பாடத்திட்டக் குழு கூட வேண்டியதில்லை. வரலாற்றியல் வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் வீட்டிலிருந்து ஒரு காகிதம் கொண்டு வரட்டும். பட்டா, அடமானப் பத்திரம், மில் தொழிலாளியின் அடையாள அட்டை, எதுவானாலும் சரி. இதை எழுதியது யார், இதில் கையெழுத்து யாருடையது, ரேகை யாருடையது, வீட்டுப் பெண்களின் பெயர் ஏன் இல்லை என்று அதனிடம் கேட்கட்டும். பக்கத்தில் இருக்கிற வேறு சாதி மாணவர் வீட்டுக் காகிதத்தோடு வைத்துப் பார்க்கட்டும். ஒருவர் வீட்டில் பட்டா இருந்து இன்னொருவர் வீட்டில் கூலிக் கணக்கு மட்டும் இருந்தால், அன்றைய பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

இதனால் வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குரூப் தேர்வையும் எழுதட்டும், பாஸாகட்டும். நாளைக்குத் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து இன்னொருவருடைய பெயரைப் பதிவேட்டில் எழுதப்போவது இவர்கள்தான். தன் பாட்டன் பெயர் பதிவேட்டில் எப்படி ஏறியது என்று தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருப்பதற்கும், தெரியாத ஒருவர் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.