உங்களுக்குத் தெரியுமா? பழைய காருக்கு டிஸ்க் பிரேக்

புதுச்சேரியை அடுத்த நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றைத் தாண்டிக் கடலூர் சாலையில் போகும் பழைய அம்பாசிடருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். மழைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்மின் உட்புறத்தை அழுத்தி நிறுத்தும் ஷூவின் லைனிங் நனைந்து பிரேக் வழுக்கும்; மெதுவாக ஓட்டியபடியே பெடலை லேசாக மிதித்துக் காயவிட வேண்டும். அடிக்கடி மிதித்தாலோ டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே இறங்கும். திறந்த வெளியில் சுழலும் டிஸ்க்கில் சூடும் ஈரமும் சீக்கிரம் போய்விடும்.

இங்கிலாந்தின் பொறியாளர் லான்செஸ்டர் 1902-லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1953-இல் லெ மான் கார் பந்தயத்தை வென்ற ஜாகுவாரில் டிஸ்க் பிரேக்தான். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஒப்படைத்தது 1954-இல். அதற்கு மறுவருடமே அவர்களுடைய சித்ரோயன் டிஎஸ் கார், முன்சக்கர டிஸ்க்குகளோடு பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது.

ஆனால் பழைய காரில் டிஸ்க்கை மாட்டியதும் வேலை முடிந்துவிடாது. டிரம்மில் சக்கரத்தின் சுழற்சியே ஷூவை இழுத்து அழுத்தும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அதனால் கனமான காருக்கு, மிதிக்கும் விசையைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டர் வேண்டும். இன்னொன்றையும் மெக்கானிக்கிடம் கட்டாயம் கேளுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டர் பலவற்றில், டிரம்முக்காகக் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். அதை அப்படியே விட்டால், காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வீல் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கும்.

கழற்றிய டிரம், ஸ்பிரிங்கை எண்ணெய் தடவிய காகிதத்திலும், ஷூவை லைனிங்கில் எண்ணெய் படாதபடி தனியாக உலர்ந்த காகிதத்திலும் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். பழைய காரை அதன் அசல் உருவத்துக்கு மீட்க அவை வேண்டியிருக்கும்.