கொலஸ்ட்ரோல் குறைந்தால் நற்செய்தியா?

கொலஸ்ட்ரோல் கூடினால் கெடுதி, குறைந்தால் நன்மை என்பது இன்று பாமரரும் அறிந்த பாடம். மாரடைப்பைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியே. ஆனால் குருதிப் புற்றுநோயாளரின் அறிக்கையை அந்த அளவுகோலால் அளக்கலாகாது. தலைமன்னாரிலிருந்தோ பேசாலையிலிருந்தோ மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு 300 கிலோமீற்றருக்கும் மேலாகப் பயணம் செய்யும் குடும்பத்தினர், 'கொலஸ்ட்ரோலாவது குறைவாக இருக்கிறதே' என்று ஆறுதல் கொள்ளக்கூடும்.

கலங்கள் தம்மைச் சுற்றிச் சவ்வு அமைத்துக்கொள்ளக் கொலஸ்ட்ரோல் வேண்டும். குருதியில் அதனைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துணிக்கைகளைக் கலங்களின் ஏற்பிகள் பற்றி உள்ளிழுக்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுண், கோல்ட்ஸ்டீன் ஆகிய அமெரிக்க வைத்தியர் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் சுவீடன் ஆய்வாளர்கள் 'லான்செட்' சஞ்சிகையில் ஓர் உண்மையை வெளியிட்டனர். லியூக்கேமியாக் கலங்களின் ஏற்பிகள் எவ்வளவு மும்முரமாக இயங்கினவோ, அவ்வளவுக்கு நோயாளரின் குருதியில் கொலஸ்ட்ரோல் குறைந்திருந்தது. மருந்தினால் அக்கலங்கள் மறைந்தபோது கொலஸ்ட்ரோல் மீண்டும் உயர்ந்தது. அதாவது, நோயே கொலஸ்ட்ரோலை உண்டுகொண்டிருந்தது.

நிணநீர்ப் புற்றுநோய், மைலோமா போன்றவற்றிலும், நோய் கண்டறியப்படும் வேளையில் கொலஸ்ட்ரோல் மிகவும் குறைந்திருப்போரின் பிழைப்பு வாய்ப்பு குறைவாயிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்காக நோயாளிக்கு நெய்யும் வெண்ணெயும் ஊட்டினால் ஆயுள் நீளும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. குறைந்த கொலஸ்ட்ரோல் நோயின் சுமையையும் அழற்சியையும் போசாக்குக் குறைவையும் காட்டும் நிழல். நிழலைத் திருத்துவதால் உருவம் திருந்தாது. நலமுள்ள ஒருவரின் அறிக்கையில் கொலஸ்ட்ரோல் குறைந்திருப்பது புற்றுநோயின் அறிகுறி என்றும் பொருளில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் நம்மிடையே உண்டு. கொழுப்புக்கு அஞ்சி, சிகிச்சையில் மெலிந்து போனவருக்கு மீனையும் முட்டையையும் தேங்காய்ப்பாலையும் நிறுத்திவிடுகிறார்கள். மன்னாரில் மீனை விலக்கினால் புரதத்துக்கு வேறெங்கே போவது? வைத்தியர் தடுக்காதவரை, நன்கு வேகவைத்த மீன் நோயாளிக்குத் துணையே.

சிகிச்சைக் காலத்தில் எண்கள் மேலும் குழப்பும். சிறுவர்களின் லியூக்கேமியாவுக்கு வழங்கப்படும் அஸ்பராஜினேஸ், ஸ்டீரொயிட் ஆகிய மருந்துகள் ட்ரைகிளிசரைட்டு என்னும் கொழுப்பைச் சில வேளைகளில் மிக உயர்த்திவிடும். அதனை வைத்தியர் கவனித்துக்கொள்வார். ஏற்கெனவே இதய நோய்க்கு ஸ்டற்றின் மாத்திரை எடுப்பவர் அதனைத் தாமாக நிறுத்தவோ, எடுக்காதவர் தாமாகத் தொடங்கவோ கூடாது. ஸ்டற்றினைப் புற்றுநோய் மருந்துடன் சேர்த்து வழங்கும் முயற்சிகள் ஆய்வு நிலையைத் தாண்டி வழமையான சிகிச்சையாகவில்லை.

ஒரு தனி எண்ணைவிட அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே வைத்தியருக்குப் பயன்படும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின் மன்னார் நோயாளருக்குத் தெல்லிப்பழைப் பாதையும் எளிதாயிற்று. எனவே ஒருவரின் அறிக்கைகள் மன்னாரிலும் தெல்லிப்பழையிலும் மகரகமவிலுமாகச் சிதறிக் கிடக்கக்கூடும். நோய் வருமுன் எடுத்த பழைய கொலஸ்ட்ரோல் அறிக்கை வீட்டு அலுமாரியில் இருந்தால், அதனையும் கிளினிக் கொப்பியுடன் எடுத்துச் செல்லுங்கள்.