துவிச்சக்கரவண்டியின் தலைப் போதிகைகள்

ஓர் இயந்திரத்தின் உறுப்புகளுள் மிகுதியாக இயங்குவதே விரைவில் தேயும் என்பது பொதுவாக எவரும் ஏற்கும் கருத்தாகும். துவிச்சக்கரவண்டியின் சங்கிலி, பற்சில்லு, மிதிகட்டை ஆகியவற்றை நோக்கின் இக்கருத்து மெய்யென்றே தோன்றும். ஆயின், அதே வண்டியில் இவ்விதிக்கு மாறாக நிற்கும் உறுப்பொன்று உளது. கைபிடியைத் திருப்புங்கால் முன்சக்கரமும் உடன் திரும்புதற்கு இடமளிக்கும் தலைப் போதிகைகளே அவ்வுறுப்பாம். ஒரு மைல் தூரம் செல்வதற்குள் சக்கரப் போதிகை 700 முறைக்கு மேற் சுழல்கின்றது. தலைப் போதிகையோ நேரிய பாதையில் ஒரு சில பாகைகளுக்கு மேல் அசைவதில்லை. அங்ஙனமிருந்தும், கரடுமுரடான நிலத்திலோடும் மலைத் துவிச்சக்கரவண்டிகளில் முதலிற் பழுதுறுவனவற்றுள் இதுவும் ஒன்றாக விளங்குகின்றது. இதற்குக் காரணம் யாது, இதனைக் காக்கும் முறை யாது என்பன அறியத்தக்கன.

போதிகை என்பது, ஒன்றன்மேல் ஒன்று அசையும் இரு பகுதிகளுக்கிடையே நின்று, சுமையைத் தாங்கி உராய்வைக் குறைக்கும் உறுப்பாகும். வண்டி திருத்துவோர் இதனைப் ‘பெயரிங்’ என வழங்குவர். வழுக்குதலினும் உருளுதல் எளிது என்னும் உண்மையே குண்டுப் போதிகைக்கு அடிப்படை. வேல்சு நாட்டுக் கார்மாதன் நகரினரான பிலிப் வோன் என்பார் 1794ஆம் ஆண்டில் வண்டியச்சுக்கு இத்தகைய போதிகையொன்றை அமைத்துக் காப்புரிமை பெற்றார். துவிச்சக்கரவண்டிக்கு அதனைக் கொணர்ந்தவர் பாரிசு நகரத்துச் சூல் சூரிறே ஆவார். அவர் காப்புரிமை பெற்ற 1869ஆம் ஆண்டிலேயே, பாரிசிலிருந்து றூவான் நகருக்கு நடந்த ஓட்டப்போட்டியில், குண்டுப் போதிகை பூண்ட வண்டியைச் செலுத்திய சேம்சு மூர் முதலிடம் பெற்றார். 1883இல் செருமனியின் சுவைன்பேட் நகரத்துப் பிரீட்றிக் பிசர், உருக்குக் குண்டுகளை ஒரே அளவினவாகத் தீட்டும் பொறியை அமைத்தபின், குண்டுப் போதிகை எங்கும் பரவலாயிற்று. குண்டுகள் ஒரே அளவினவாயிருத்தல் வேண்டும் என்னும் நியதி, பின்னர்க் கூறப்படும் திருத்தவேலைக்கும் இன்றியமையாததாகும்.

மலைத் துவிச்சக்கரவண்டியின் வரலாற்றிலும் போதிகைக்கும் கிரீசுக்கும் ஓரிடமுண்டு. 1970களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர் சிலர், பழைய பருத்த ரயர் வண்டிகளைத் திருத்தி மலைச்சரிவுகளில் ஓட்டலாயினர். அவர்கள் 1976 ஒக்ரோபரிலே தொடங்கிய போட்டியின் பாதை, ஏறக்குறைய 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறங்குவது. ஒருமுறை கீழிறங்கியதும் பின்சக்கரக் குடத்திலிருந்த பிறேக்கு வெப்பமிகுதியால் கிரீசு முழுவதையும் எரித்துவிடும். மறுமுறை இறங்குமுன் புதிய கிரீசை அடைத்தாக வேண்டும். அதனாலேயே அப்பாதை ‘மறுபடி அடைத்தல்’ எனப் பொருள்படும் ‘றீபக்’ என்னும் பெயர் பெற்றது. இத்தகைய ஓட்டத்துக்கென்றே 1977இல் யோ பிறீசு என்பார் புதிய வண்டிச்சட்டம் அமைத்தார். நிலம் எத்துணைக் கடியதோ, போதிகைப் பராமரிப்பும் அத்துணை இன்றியமையாதது என்பதை அப்பாதையின் பெயரே உணர்த்தி நிற்கின்றது.

இனி, தலைப் போதிகையின் அமைப்பை நோக்குவோம். வண்டிச்சட்டத்தின் முன்புறத்தில் நிற்கும் குழாய் தலைக்குழாய் எனப்படும். அதனூடே முன்கவரின் தண்டு மேலேறிக் கைபிடித்தாங்கியைச் சேர்கின்றது. தலைக்குழாயின் மேல்வாயிலொன்றும் கீழ்வாயிலொன்றுமாக இரண்டு போதிகைகள் உள. ஒவ்வொன்றிலும் ‘கப்’ எனப்படும் கிண்ணமும், ‘கோன்’ எனப்படும் கூம்பு வளையமும், அவற்றிடையே குண்டுகளும் இருக்கும். ஓரங்குலத் தண்டுடைய பல வண்டிகளில் இக்குண்டுகள் 5/32 அங்குல விட்டமுடையன. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நெடுங்காலம் ஓடிய றலி வண்டிகளிலும் இதே அமைப்பைக் காணலாம். அவற்றில் தண்டின் தலையில் மரையிட்டு, மேற் கோனையும் பூட்டு நட்டையும் ஒன்றோடொன்று இறுக்குவர். 1990களின் தொடக்கத்தில் மரையில்லாத் தண்டுடைய அமைப்புப் புழக்கத்துக்கு வந்தது. அதில் கைபிடித்தாங்கியே தண்டைக் கௌவிப் பிடிக்கும். இக்கால மலை வண்டிகள் பெரும்பாலும் இவ்வமைப்பின; தனிக் குண்டுகளுக்குப் பதிலாக, குண்டுகளை உள்ளடக்கி மூடிய வளையப் போதிகைகளே அவற்றில் உள்ளன.

பழுதுற்ற கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கின், கீழ்க் கிண்ணத்தின் முன்புறத்திலும் பின்புறத்திலும் சிறுகுழிகள் வரிசையாக விழுந்திருத்தலைக் காணலாம். நேர்த்திசையில் வருந்தோறும் குண்டுகள் அக்குழிகளில் இறங்கிவிடும். கைபிடி நடுவிலே ‘கடக்’ எனப் பொருந்தி நிற்கும். கல்லிலும் பள்ளத்திலும் சக்கரம் மோதுவதால், சுத்தியலால் அடித்தாற்போல் குண்டுகள் பதிந்தமையே இதன் காரணம் என்பது பலரது நம்பிக்கை. கடிய குண்டொன்றை உலோகத்தில் அழுத்தி, அக்குழியின் அளவால் உலோகத்தின் வன்மையை அறியும் முறையை 1900ஆம் ஆண்டளவில் வெளியிட்டவர் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் பிரினெல் ஆவார். அவர் பெயரால், அழுத்தத்தால் விழும் குழி ‘பிரினெல் குழி’ எனப்படுகின்றது. ஆயினும் தலைப் போதிகையின் குழிகள் பெரும்பாலும் அவ்வகையின அல்ல. அவை ‘பொய்ப் பிரினெல்’ குழிகளாம்.

இவ்வேறுபாடு 1930களில் வெளிப்பட்டது. புகையிரதத்தில் ஏற்றி நெடுந்தூரம் அனுப்பப்பட்ட புதிய மோட்டார் வண்டிகளின் சக்கரப் போதிகைகளில், அவ்வண்டிகள் வீதியில் ஓடுமுன்னரே குழிகள் விழுந்திருந்தன. இதனை ஆராய்ந்த அல்மன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1937இல் தம் முடிபுகளை வெளியிட்டார். கலிபோர்னியாவிலே வாழ்ந்த பொறியியலாளர் யொப்சுற் பிரான்ட் (1935–2015), துவிச்சக்கரவண்டியின் தலைப் போதிகைக்கும் இதுவே பொருந்தும் என வாதிட்டார். வண்டி நேராக ஓடுங்கால் குண்டுகள் ஓரிடத்திலேயே நிற்கின்றன. பாதையின் அதிர்வால் முன்கவர் முன்னும் பின்னுமாக மயிரிழையளவு வளைய, குண்டுகள் நின்ற இடத்திலேயே நுண்ணிதாகத் தேய்கின்றன. சுழலும் போதிகை ஒவ்வொரு சுற்றிலும் கிரீசைப் புதிதாகப் பூசிக்கொள்ளும். சுழலாததோ, தொடுமிடத்திலிருந்து கிரீசைப் பிதுக்கி அகற்றியபின் அதனை மீளப் பெறுவதில்லை. உலோகம் உலோகத்தைத் தொட, நுண்துகள்கள் பெயர்ந்து, ஒட்சிசனுடன் கூடிச் செந்நிறத் தூளாகி, அரம்போல மேலும் அரிக்கின்றன. எனவே குழிக்கு மூலகாரணம் மோதலின் வன்மையன்று; கிரீசின் வறட்சியே. மோதலைத் தவிர்த்தல் மலைப்பாதையில் இயலாது. வறட்சியைத் தவிர்த்தலோ எவர்க்கும் இயலும்.

இப்பழுதைச் சிறிதெனக் கருதி விடுதல் தகாது. துவிச்சக்கரவண்டி விழாமல் நிற்பது, முன்சக்கரம் இடையறாது இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திரும்புவதாலேயாம். போதிகை நடுவிலே பிடித்துக்கொள்ளின் அத்திருத்தம் தடைப்பட்டு, வண்டி தள்ளாடும். போதிகை தளர்ந்திருப்பின் பிறேக்குப் பிடிக்குந்தோறும் முன்கவர் ஆடி, சரிவில் வண்டி கட்டுக்கடங்காது போதலும் கூடும்.

பழுதை அறிதற்கு இரண்டு சோதனைகள் போதும். முன்பிறேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, மறுகை விரல்களைக் கிண்ணமும் கோனும் கூடுமிடத்தில் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தல் வேண்டும். விரலில் தட்டல் உணரப்படின் போதிகை தளர்ந்துள்ளது. அதிர்வுதாங்கி முன்கவரும் பிறேக்கும் தாமே சிறிது ஆடுதலுண்டு. ஆதலின் கைபிடியைப் பக்கவாட்டில் திருப்பியும் ஒருமுறை சோதித்தல் நன்று. அடுத்து, முன்சக்கரத்தை நிலத்தினின்று தூக்கிக் கைபிடியை மெல்லத் திருப்புதல் வேண்டும். அது தடையின்றிச் செல்லின் நலம். எங்கும் இறுக்கமாயிருப்பின் அளவுக்கு மீறிப் பூட்டியுள்ளனர் எனவும், நடுவில் மட்டும் பிடிப்பின் குழி விழுந்துள்ளது எனவும் கொள்க.

மரையில்லா அமைப்பைக் கழற்றுங்கால் முன்சக்கரத்தையும் பிறேக்கையும் முதலில் அகற்றுக. பின்னர் மேல்மூடியையும், அதன்பின் கைபிடித்தாங்கியின் பக்கப் போல்ற்றுகளையும் தளர்த்துக. அப்போது முன்கவர் கீழே விழாதவாறு ஒரு கையால் தாங்கிக்கொள்ளல் வேண்டும். கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணிமீது பரப்பி வைப்பின் மீளப் பூட்டுங்கால் மயக்கம் நேராது. தனிக் குண்டுகளையும் கிண்ணங்களையும் மண்ணெண்ணெயிற் கழுவித் துடைக்கலாம். மூடிய வளையப் போதிகையை அவ்வாறு ஊறவிடலாகாது. உள்ளிருக்கும் கிரீசு கரைந்துவிடும். பேனா முனையொன்றைக் கிண்ணத்தின் தடத்தில் மெல்ல ஓட்டிப் பார்ப்பின், கண்ணுக்குப் புலப்படாத குழியும் கைக்குப் புலப்படும்.

குண்டுகளுள் ஒன்று கெட்டிருப்பினும் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். பழையனவற்றிடையே புதியதொன்றை இடின், சற்றே பெரிதான அதுவே சுமை முழுவதையும் தாங்கி, கிண்ணத்தையும் கெடுக்கும். கிண்ணத்தில் நீர்பற்றாத தடித்த கிரீசைத் தாராளமாக இட்டு, அதிற் குண்டுகளைப் பதித்து, ஏறக்குறைய ஒரு குண்டளவு இடைவெளி விடுதல் முறை. வளையப் போதிகையாயின், அது அமரும் சாய்தளத்திலும் வெளிப்புறத்திலும் கிரீசு பூசுதல் வேண்டும். புதிய வளையம் வாங்குவோர் அதன் விட்டத்தோடு, 36 பாகை, 45 பாகை எனப் பொறிக்கப்பட்டிருக்கும் சாய்வையும் ஒப்புநோக்கி வாங்குக. சாய்வு பிழைப்பின் வளையம் செவ்வனே அமராது.

மீளப் பூட்டுதலிற் பெரிதும் பிழைபடுவது ஒழுங்குமுறையே. மேல்மூடியின் போல்ற்று முன்கவரைப் பிடித்து நிறுத்துவதன்று. போதிகைக்கு வேண்டிய அழுத்தத்தைத் தருவதே அதன் தொழில். முன்கவரைப் பிடித்து நிற்பன கைபிடித்தாங்கியின் பக்கப் போல்ற்றுகளாம். ஆகவே அவை தளர்ந்திருக்கையிலேயே மேல்மூடியைச் சிறிது சிறிதாக இறுக்கி, ஆட்டம் மறைந்த கணத்தே நிறுத்துதல் வேண்டும். அதன்பின் கைபிடியைச் சக்கரத்துக்கு நேராக்கி, பக்கப் போல்ற்றுகளை மாறிமாறி, தாங்கியிற் பொறித்த அளவுக்கு இறுக்குக. அவை இறுகியபின் மேல்மூடியைத் திருகுவதாற் பயனில்லை. மரையுள்ள பழைய அமைப்பிலோ, மேற் கோனை ஒரு சாவியால் அசையாது பிடித்துக்கொண்டு, மற்றொரு சாவியாற் பூட்டு நட்டை இறுக்குதல் வேண்டும். ஈரமைப்பிலும் இறுதியில் முன்கூறிய இரு சோதனைகளையும் மறுபடி செய்தல் கடன்.

குழி விழுந்த கிண்ணத்தை இறுக்கியோ தளர்த்தியோ திருத்த இயலாது. கூட்டிலடைத்த குண்டுகளை நீக்கி, அதேயளவுள்ள தனிக் குண்டுகளை இடின், அவற்றின் இடைவெளி வேறுபடுதலால் எல்லாக் குண்டுகளும் ஒருங்கே குழிகளில் இறங்கா. கைபிடியும் ஓரளவு இலகுவாகத் திரும்பும். இது தற்காலிகப் பரிகாரமே. புதிய கிண்ணத்தையும் கோனையும் இடுதலே முடிந்த தீர்வு. கிண்ணம் தலைக்குழாயினுட் சாயாது நேரே இறங்குதல் வேண்டுமாதலின், அதற்குரிய அழுத்துகருவியுடையாரிடம் அவ்வேலையை ஒப்படைத்தல் நன்று.

நீரிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் இப்பராமரிப்பு வேண்டப்படும். அதற்கு வேண்டுவன சிறிது கிரீசும், ஒரு துணித்துண்டும், இரண்டொரு சாவிகளும், ஒரு மாலைப் பொழுதுமே. மாணவர் தம் கையாலேயே இதனைச் செய்து பழகின், உராய்வு, சுமை, கோணம் எனப் பாடநூலிற் பயின்றவை யாவும் ஒரு கிண்ணத்தினுள் ஒருங்கே தொழிற்படுதலைக் கண்கூடாகக் காண்பர்.