ஒரு ஜோடி சப்பாத்துக்கு ஒரு பாட்டு: பிள்ளைகள் ஏன் இப்படிக் கேட்கிறார்கள்?

கோத்தா திங்கி - பள்ளிக்குக் கறுப்புச் சப்பாத்து வாங்கியாகிவிட்டது. அதன் பிறகும் மகன் கைபேசியில் ஒரு சொல்லிசைக் காணொலியைக் காட்டி, "அந்தச் சப்பாத்துதான் வேணும்" என்கிறான். விலையைக் கேட்டதும் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. "நாலு மாசத்துல கிழியப்போற சாமானுக்கா இவ்வளவு வெள்ளி?" என்கிறார். இது தோட்ட வீடுகளிலும் பட்டணத்து வீடுகளிலும் நடக்கும் பேச்சுதான்.

சப்பாத்தை வைத்து ஒரு பாட்டா என்று பெரியவர்கள் வியக்கலாம். ஆனால் அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாறு தெரிந்தால் பிள்ளை கேட்பது என்னவென்று புரியும், எந்த இடத்தில் "வேண்டாம்" சொல்லலாம் என்பதும் தெரியும்.

மானத்தில் பிறந்த பாட்டு

நியூயார்க் நகரின் குவீன்ஸ் வட்டாரத்தில் ஹோலிஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கிருந்து வந்த மூன்று கறுப்பின இளைஞர்களின் குழுதான் ரன் டி.எம்.சி. ஜோசப் சிம்மன்ஸ், டேரல் மெக்டேனியல்ஸ், ஜேசன் மிசெல் ஆகிய மூவரும் மேடையில் அடிடாஸ் சூப்பர்ஸ்டார் சப்பாத்தைக் கயிறு கட்டாமல் அணிவார்கள். முனையில் சிப்பி போன்ற ரப்பர் மூடி உள்ள அந்தச் சப்பாத்து, முதலில் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது.

கயிறு இல்லாத சப்பாத்து அன்று சிறைச்சாலையை நினைவூட்டியது. சிறையில் கைதிகளின் சப்பாத்துக் கயிற்றை வாங்கிவிடுவார்கள் என்பதால், அப்படி அணியும் இளைஞர்களை ரௌடிகள் என்று பேசினார்கள். குவீன்ஸில் சமூகப் பணி செய்துவந்த ஒரு மருத்துவரே இளைஞர்களைக் கண்டித்துப் பாட்டு எழுதினார். அதற்குப் பதிலாக 1986-இல் வந்ததுதான் "மை அடிடாஸ்". காலில் இருக்கும் சப்பாத்தை வைத்து எங்களை எடைபோடாதீர்கள், இதே காலோடுதான் நல்ல காரியங்களுக்கும் மேடை ஏறினோம் என்பதே அதன் சாரம்.

நம்மவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. முடிவெட்டையும் உடுப்பையும் பார்த்து, "இவன் அந்தக் கூட்டம்தான்" என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் நம்மிடையே உண்டு. தமிழ்ச் சொல்லிசை மலேசியாவில் வேரூன்றியதற்கும் இந்தக் குரல் ஒரு காரணம். 1990-களில் பொயெடிக் அம்மோ குழு பல மொழிகளில் பாடி வழி திறந்தது. 2006-இல் யோகி பி-யும் நட்சத்திராவும் வெளியிட்ட "வல்லவன்" இசைத்தொகுப்பு தமிழ்நாடு வரை போய்ச் சேர்ந்தது.

பாட்டு வியாபாரமானது

1986 ஜூலை 19 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் ரன் டி.எம்.சி பாடியது. சப்பாத்தைக் கழற்றித் தூக்கிக் காட்டுங்கள் என்று மேடையிலிருந்து கேட்க, ஆயிரக்கணக்கான அடிடாஸ் சப்பாத்துகள் உயர்ந்தன. நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் அதை நேரில் பார்த்தார். அடுத்து சுமார் 10 லட்சம் அமெரிக்க டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் கையெழுத்தானது. விளையாட்டு வீரர்களுக்கே விளம்பரப் பணம் கொடுத்துவந்த சப்பாத்து நிறுவனங்கள், பாடகர்கள் பக்கமும் திரும்பத் தொடங்கின.

2002-இல் நெல்லி என்ற பாடகர் தம் நண்பர்களுடன் "ஏர் ஃபோர்ஸ் ஒன்ஸ்" என்ற பாடலை வெளியிட்டார். அது 1982-இல் வந்த நைக்கி சப்பாத்து ஒன்றின் பெயர். அமெரிக்கப் பாடல் வரிசையில் 3-ஆம் இடம் வரை ஏறியது.

இத்தகைய காணொலிகளில் கேமரா பெரும்பாலும் தரைக்கு அருகில் இருக்கும். முகத்துக்கு முன்னால் பாதம் தெரியும். பெட்டி திறக்கும், தாள் விலகும், அழுக்கே படாத வெள்ளைச் சப்பாத்து வெளியே வரும். அதைப் போட்டதும் நண்பர் கூட்டம் சேரும். பார்க்கும் பிள்ளையின் மனத்தில் பதிவது ரப்பரும் தோலும் அல்ல, "இதைப் போட்டால் என்னை மதிப்பார்கள்" என்ற எண்ணம்தான். நிறுவனங்களும் சில வகைகளைக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடுகின்றன. கிடைக்காத பொருளுக்கு ஆசை கூடும், மறுவிற்பனையில் விலை ஏறும்.

எச்சரித்த பாட்டும் உண்டு

முதல் ஏர் ஜோர்டான் 1985-இல் 65 டாலருக்கு விற்றது. 1989-இல் மேரிலாந்து மாநிலத்தில் 15 வயது மாணவன் ஒருவன் தன் புதிய ஏர் ஜோர்டான் சப்பாத்துக்காகக் கொல்லப்பட்டான். மறு ஆண்டு மே மாதம் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் இத்தகைய கொலைகளையே அட்டைப்படக் கட்டுரையாக்கியது. 2011-இல் மேக்கல்மோர் என்ற பாடகர் "விங்ஸ்" என்ற சொல்லிசையில், சிறுவயதில் தாம் அந்தச் சப்பாத்தின் மேல் வைத்த ஆசையையும் அதற்குப் பின்னால் இருந்த வியாபாரத்தையும் பாடினார். சப்பாத்தைப் பற்றிய பாட்டு கேட்கும் பிள்ளைக்கு இதையும் சேர்த்துக் கேட்கக் கொடுக்கலாம்.

வீட்டுக் கணக்கையும் மறைக்க வேண்டியதில்லை. 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 500 வெள்ளிச் சப்பாத்து என்றால், அந்தச் சம்பளம் வாங்குபவருக்கு ஏறக்குறைய ஒன்பது நாள் வருமானம். இதை அதட்டாமல், தாளில் எழுதிக் காட்டினால் பிள்ளைக்கு விளங்கும்.

நம் காலடியில் உள்ள கதை

சப்பாத்தின் அடிப்பாகத்துக்கு வித்திட்டது ரப்பர். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் வெயிலில் உருகாது, குளிரில் வெடிக்காது என்று கண்டறிந்தார். 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. பிறகு ஜொகூர் உட்படத் தீபகற்பம் முழுதும் தோட்டங்கள் எழுந்தன. இருட்டிலேயே எழுந்து, வெயில் ஏறி பால் வற்றுமுன் மரம் வெட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். இன்று கோத்தா திங்கியில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. சப்பாத்துகளிலும் செயற்கை ரப்பர் பெருகிவிட்டது.

அந்தத் தோட்டக் காலணியும் மறைந்துவிடவில்லை. அடியில் குமிழ் குமிழாக இருக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்துக்கு மலேசியர்கள் வேடிக்கையாக வைத்த பெயர் "அடிடாஸ் கம்போங்". விலை குறைவு, சேற்றில் வழுக்காது, கழுவிக் கவிழ்த்தால் காய்ந்துவிடும். தோட்டத்து வேலைக்குப் போட்டதை, இப்போது மலையேறுபவர்களும் காட்டுப்பாதை ஓட்டக்காரர்களும் விரும்பி வாங்குகிறார்கள். குனோங் பந்தி போன்ற ஈரமான மலைப்பாதைக்கு அது பொருத்தமானது.

ஹோலிஸ் இளைஞர்கள் தங்கள் தெருவில் எல்லார் காலிலும் இருந்ததைத்தான் பாடினார்கள். சொல்லிசை எழுதத் துடிக்கும் கோத்தா திங்கிப் பிள்ளைக்கும் பாடுபொருள் கடைக் கண்ணாடிக்குள்தான் கிடைக்கும் என்றில்லை. வீட்டுப் பின்வாசலில் சேறு காய்ந்து கிடக்கும் பாட்டியின் ரப்பர் சப்பாத்துக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறது.