படகுக்கு ஒரு பழைய பிக்அப்: எதைப் பார்த்து வாங்குவது?



சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "படகு வந்து நாலு மாசம் ஆச்சு. வண்டி எங்கேப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வண்டி இல்லாத படகு காக்களூரில் வெறும் தொட்டிதான். நமக்கு வடக்கே கொசஸ்தலை, தெற்கே கூவம். வெள்ளம் எந்தப் பக்கம் வந்தாலும் படகு சாலை வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். ஏன் தாமதம், எதைத் தேடுகிறோம் என்பதை ஜமாஅத்தார் அறிந்திருப்பது நல்லது என்பதால் இதை எழுதுகிறோம். வீட்டுத் தொழிலுக்குப் பழைய சரக்கு வண்டி வாங்க நினைப்பவர்களுக்கும் இதில் சில விஷயங்கள் பயன்படலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நம் பிள்ளைகள் ஒரு படகை இரவல் வாங்கி, வாடகைக்கு எடுத்த சிறிய சரக்கு வண்டியில் ஏற்றிப் புறப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். 14 அடிப் படகில் பாதி வெளியே தொங்கியது. வழியில் ஒரு வேகத்தடையில் கயிறு அறுந்து, படகின் பின்பக்கம் தார்ச்சாலையில் மோதி, உள்ளங்கை அகலத்துக்குப் பிளந்துவிட்டது. அதை ஒட்டிச் சரிசெய்து போய்ச் சேருவதற்குள் மஃக்ரிப் ஆகிவிட்டது. அங்கிருந்தவர்களை அதற்குள் மீனவர்கள் கரை சேர்த்திருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்கள் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான் இந்த வண்டித் தேடலின் தொடக்கம்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். இதில் ஜகாத் நிதி ஒரு ரூபாய்கூட இல்லை. அது அதற்குரிய எட்டு வகையாருக்கு மட்டுமே. அறக்கட்டளையின் பெயரில் வண்டி வாங்க அதைத் தொட முடியாது. இதற்கென்றே வந்த சதகா பணமும் லில்லாஹ் பணமும் சேர்த்து நாலரை லட்சம் இருக்கிறது. வட்டிக் கடனில் புது வண்டி எடுக்கும் பேச்சே எழவில்லை. ஆகவே கையில் உள்ள தொகைக்குப் பழைய வண்டி.

வளைகுடாவிலிருந்து திரும்பிய சகோதரர்கள் சிலர், படகை ஏன் ஏற்ற வேண்டும், பின்னால் டிரெய்லர் மாட்டி இழுத்துப் போகலாமே என்றார்கள். அங்கே கடற்கரையில் அப்படித்தான் செய்கிறார்கள், வசதியும்தான். ஆனால் அதற்குத் தண்ணீருக்குள் இறங்கும் சரிவான தளம் வேண்டும். டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்த இடமும் வேண்டும். நம் பக்கத்து வெள்ளம் கிராமத்துச் சந்தில், வயல் வரப்பில், தரைப்பாலத்தின் முனையில் வருகிறது. இருட்டில், முழங்கால் தண்ணீரில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது பழகிய டிரைவருக்கே சிரமம். போதாக்குறைக்கு, டிரெய்லர் சட்டப்படி தனி வண்டி. அதற்கும் பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனியாக வேண்டும். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்துக்குக் கொல்லம், திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்கள் எவ்வளவோ பெரிய படகுகளையெல்லாம் லாரியில் ஏற்றித்தான் செங்கன்னூர் பக்கம் கொண்டுபோனார்கள். நம் படகு எஞ்சின் இல்லாமல் 200 கிலோ சொச்சம். ஆறு பேர் தூக்கிவிடலாம். ஏற்றிப் போவது என்றே முடிவு செய்தோம்.

அப்படியானால் பார்க்க வேண்டியது இழுவைத் திறன் அல்ல, தொட்டியின் நீளம். டாடா ஏஸ் 2005இல் வந்ததிலிருந்து சிறு வியாபாரிகளுக்குக் கைகொடுக்கும் வண்டி. சந்துக்குள் நுழைவதில் அதற்கு ஈடில்லை. ஆனால் தொட்டி ஏழடி சொச்சம்தான். அசோக் லேலண்ட் தோஸ்த் எட்டடி சொச்சம். மகிந்திரா பொலேரோ பிக்அப்பில் மாடலைப் பொறுத்துப் பத்தடி வரைக்கும் கிடைக்கிறது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகும் இசுசு டி-மேக்ஸ் உறுதியான வண்டிதான். ஆனால் இரவு பத்து மணிக்குப் பழுதானால் நம் ஊர் மெக்கானிக் கைவைத்துப் பழகிய வண்டி வேண்டும். அதனால் பொலேரோ பக்கம் மனம் சாய்ந்திருக்கிறது.

பத்தடித் தொட்டியிலும் 14 அடிப் படகு நாலடி நீட்டிக்கொண்டிருக்கும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், சரக்கு பின்னாலோ பக்கத்திலோ வண்டியை மீறி நீட்டினால் அபராதம் 20,000 ரூபாய். அபராதம் போகட்டும், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்தை நினைத்துப் பாருங்கள். இதற்கு வழி, கேபினுக்கு மேலே இரும்புச் சட்டம் அமைத்து, படகின் மூக்கு கேபின் கூரைக்கு மேல் வரும்படி கவிழ்த்து வைப்பது. பின்பக்கம் தொட்டிக்குள்ளேயே நின்றுவிடும். கவிழ்த்து வைப்பதில் இன்னொரு நன்மை உண்டு. நிமிர்த்தி வைத்த படகில் மழையில் அரையடித் தண்ணீர் சேர்ந்தால் அந்தத் தண்ணீரே படகைவிடக் கனமாகிவிடும். சட்டம் பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள இருக்கிறோம்; வண்டியின் பாடியை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது.

இனி முக்கியமான விஷயம். பழைய வண்டி பார்க்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பதுதான். மீட்டரைத் திருப்பி வைப்பது பெரிய வித்தை அல்ல. நாங்கள் கேட்பது வேறு: இந்த வண்டி இதுவரை எதை ஏற்றியது?

மீன் ஏற்றிய வண்டி என்றால் பழவேற்காடு, காசிமேடு பக்கம் ஓடியிருக்கும். ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் தொட்டி வழியாக வருஷக்கணக்கில் சேஸின் மேல் சொட்டியிருக்கும். எஞ்சின் அருமையாக ஓடும். சேஸ் உள்ளுக்குள் அரித்திருக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று பேசும், அரித்த இடம் மொத்தென்று இருக்கும். அடிப்பக்கம் மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்குக் கம்பியும் பழைய இரும்பும் ஏற்றிய வண்டியின் கதை வேறு. அளவுக்கு மேல் பாரம் ஏற்ற, பின்னால் கூடுதல் பட்டை சேர்த்திருப்பார்கள். இரண்டு பக்கமும் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். ஆக்ஸில் ஹவுசிங்கில் வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா, பின் டயர்கள் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பால், தண்ணீர் கேன் போட்ட வண்டியில் பாரம் குறைவு. ஆனால் தெருவுக்குத் தெரு நின்று நின்று போனதில் கிளட்ச் பிளேட்டும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். அவை மாற்றக்கூடியவை என்பதால் எங்களுக்கு அந்த வண்டிகள் மேல் வெறுப்பில்லை. காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில், ஒரே டிரைவர் கையில் ஓடிய வண்டி கிடைத்தால் அதுதான் எங்களுக்கு முதல் விருப்பம்.

இவை எல்லாவற்றையும்விட எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, ஏற்கனவே வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிடம். 2015, 2021, 2023 என்று சென்னையைச் சுற்றி எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன! கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்துவிடுகின்றன. வெள்ளத்துக்குப் போக வாங்கும் வண்டி, முந்தின வெள்ளத்தில் மூழ்கியதாக இருந்தால் அதைவிட வேடிக்கை வேறில்லை. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள், உள்நுனியில் வண்டல் கோடு தெரியும். சீட்டைத் தூக்கி அடியில் உள்ள தண்டவாளத்தில், ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால், ஹெட்லைட் கண்ணாடிக்குள் சேறு தங்கியிருக்கும். கண்ணாடிகளை ஏற்றி விட்டுப் பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்தால் மூக்கே சொல்லிவிடும். சென்ற மாதம் பார்த்த ஒரு வண்டியை இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிட்டு வந்தோம். விற்பவர் தொழுகையாளிதான், குறையைச் சொல்லி விற்பது தன் மேல் கடமை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. பெயர் வேண்டாம்.

எஞ்சினைக் காலையில், சூடேறுமுன் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் வருமுன்பே வண்டி சூடாக இருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை அடித்தால் பேக் கம்ப்ரஷன். ரிங், பிஸ்டன் வேலை காத்திருக்கிறது. ஆயில் பால் கலந்த காபிபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. மற்றதை நம்பிக்கையான மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். அவருக்குக் கொடுக்கும் ஐந்நூறு, ஆயிரம் வீண் செலவல்ல.

காகித விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் தாராளம் எங்களுக்குப் பிடிப்பதில்லை. "தெரிஞ்சவர்தான், பேர் மாத்திக்கலாம்" என்று ஆர்.சி.யை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பெயர் மாறும்வரை சட்டத்தின் கண்ணில் வண்டி பழைய ஓனருடையதே. 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், டியூ கட்டி முடித்ததற்கு என்.ஓ.சி.யும் 35ஆம் படிவமும் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். எஃப்.சி. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். அந்தச் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். நிலுவையில் உள்ள அபராதங்களைப் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம்.

ஓட்டுவது யார் என்றும் கேட்டார்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. ஆகவே கார் லைசென்ஸ் உள்ள நம் இளைஞர்களே போதும். ஆனால் படகோடு சேர்ந்து பிள்ளைகள் தொட்டியில் ஏறி வருவதை அனுமதிக்க மாட்டோம். சரக்கு வண்டித் தொட்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. விபத்து என்றால் இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிடும். இரண்டு வரிசை சீட் உள்ள கேம்பர் வாங்கலாமே என்றால், தொட்டி மிகவும் குறைந்துவிடுகிறது. ஆட்கள் வேறு வண்டியில் வரட்டும்.

ஓட்டுபவருக்கு இரண்டு சொல். இந்த வண்டிகளில் பின்சக்கரம்தான் இழுக்கும். 200 கிலோ படகு அதற்குப் பாரமே அல்ல என்பதால் சேற்றில் சக்கரம் வழுக்கிச் சுற்றும். பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே இரண்டு மணல் மூட்டை போட்டால் பிடிப்பு வரும். தண்ணீர் சக்கரத்தின் பாதியைத் தொட்டதும் அங்கேயே நிறுத்திப் படகை இறக்கிவிட வேண்டும். எஞ்சின் தண்ணீரில் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. உள்ளே போன தண்ணீர் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். திரும்பி வந்ததும் கிரவுன் ஆயிலைப் பார்க்க வேண்டும்.

வெள்ளம் வருஷத்தில் நாலு நாள். மீதி நாள் வண்டி ஷெட்டில் நின்றால் பேட்டரி இறங்கி, பிரேக் துருப்பிடித்து, வேண்டிய இரவில் ஸ்டார்ட் ஆகாது. அதனால் ரமலானில் நோன்புக் கஞ்சி அரிசி, விதவைகளுக்கான மாத மளிகை, குர்பானி இறைச்சி விநியோகம் எல்லாவற்றுக்கும் இதே வண்டிதான். வாடகைக்கு விடும் எண்ணம் இல்லை. விட்டால் டிசம்பரில் அது ஏதாவது ஒரு குடோனில் நிற்கும்.

இதுவரை நான்கு வண்டி பார்த்து மூன்றைத் தள்ளிவிட்டோம். நான்காவது, நம் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் ஓடிய பொலேரோ. சேஸ் நன்றாக இருக்கிறது, வலது பக்கம் ஒரு பட்டை உடைந்திருக்கிறது. அதை விற்பவரே முதலில் சொன்னார். என்.ஓ.சி. கைக்கு வந்ததும் விலை பேசுவோம், இன்ஷா அல்லாஹ். படகு ஏற்றி இறக்கும் பயிற்சி அடுத்த ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிறகு மத்ரஸா வாசலில். கையுறையும் நல்ல நைலான் கயிறும் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். லைஃப் ஜாக்கெட் இன்னும் ஆறு குறைகிறது.